2.3 ஜிபி கோப்பு, 4 ஜிபி ரேம்: எந்த எடிட்டர்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்சரைசரின் வெப்பநிலைப் பதிவு மே 15 முதல் 90 நாளைக்கு ஒரே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பாகச் சேர்ந்து 2.3 ஜிபி ஆகிவிட்டது. லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். நோட்பேடில் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது, எக்செல்லில் திறந்தால் பாதிதான் வருகிறது. ஜூன் 14 விடியற்காலை 2 மணிக்கு மேல் என்ன நடந்தது என்று மேனேஜர் கேட்கிறார். நடுநடுவே 850 டிகிரி என்று வந்திருக்கும் தப்பான வரிகளை எடுத்துவிட்டு அனுப்பவும் வேண்டும். கூடவே விவசாயிகளின் பெயர், ஊர், வங்கிக் கணக்கு எண் இருக்கும் 40 எம்பி கோப்பு ஒன்று, அதில் தமிழ் சரியாக வரவில்லை. இதற்கெல்லாம் சேர்த்து இலவசமாக ஒரு நல்ல டெக்ஸ்ட் எடிட்டர் சொல்லுங்கள் என்கிறீர்கள்.

எடிட்டர் பெயர் சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பெரிய கோப்பில் மூன்று விதமான வேலை உண்டு: பார்ப்பது, தேடி எடுப்பது, திருத்துவது. மூன்றுக்கும் ஒரே கருவி தேடும்போதுதான் எல்லாச் சிக்கலும் வருகிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உங்களுக்கு வேண்டியது தேடி எடுப்பது மட்டும்தான். நீங்கள் திருத்துவது என்று நினைப்பதும் உண்மையில் வரிகளைப் பிரித்து வைக்கிற வேலை, திருத்தமே இல்லை. அதனால் அந்த 2.3 ஜிபி கோப்பை எந்த எடிட்டரிலும் முழுசாகத் திறக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வராது என்பதுதான் என் பதில். மற்றதெல்லாம் ஏன், எப்படி என்கிற விளக்கம்.

நான் தர்மபுரிக்காரன். ஓசூரில் ஒரு உதிரிபாக ஆலையில் 11 வருடம் இயந்திரப் பதிவுகளோடு மல்லுக்கட்டியவன், இப்போது வீட்டிலிருந்தபடியே அதே மாதிரி வேலை செய்கிறேன். எல்லாம் விண்டோஸும் லினக்ஸும்தான், மேக்கில் வேலை செய்ததில்லை. உங்கள் பாஸ்சரைசரைப் பற்றியும் எனக்குத் தெரியாது, கோப்பைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கணக்கு. லாகர், அதாவது வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி, நொடிக்கு ஒரு வரி எழுதுகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 86,400 நொடி, 90 நாளைக்கு 77,76,000 வரி. கோப்பின் அளவை வரியால் வகுத்தால் ஒரு வரிக்குச் சுமார் 300 பைட், அதாவது நாற்பது சொச்சம் பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும். இந்தக் கணக்கை எப்போதும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் காப்பாற்றும்.

எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிதான் கொள்ளும். தலைப்பு வரி போக உங்கள் கோப்பில் அது 12 நாளும் சில மணி நேரமும்தான். மே 15 நள்ளிரவில் பதிவு தொடங்கியிருந்து இடையில் எதுவும் விடுபடாமல் இருந்தால், மே 27 விடியற்காலை 3 மணி 16 நிமிடத்தோடு எக்செல் நின்றுவிடும். உங்களுக்கு வேண்டிய ஜூன் 14 அங்கே இருக்கவே இருக்காது. திறக்கும்போது முழுசாக ஏற்றவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வரும், அவசரத்தில் எல்லோரும் ஓகே அடித்துவிடுவோம். அதன்பின் சேமித்தால் மீதி 78 நாள் போச்சு. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியபோது, அந்த வடிவத்தின் 65,536 வரி எல்லையால் 15,841 தொற்றுகள் கணக்கில் வராமல் போயின. ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கே நடந்தது, நமக்கு நடக்காமல் இருக்குமா? அதனால் பெரிய கோப்புக்கு எக்செல்லைத் தொடவே வேண்டாம்.

சரி, நோட்பேட் ஏன் தொங்குகிறது? பெரும்பாலான எடிட்டர்கள் கோப்பை முழுசாக ரேமுக்குள் இழுத்துக்கொண்டுதான் முதல் வரியைக் காட்டும். நோட்பேட் உள்ளுக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட் வைத்துக்கொள்கிறது, ஆகவே 2.3 ஜிபி கோப்புக்கு 4.6 ஜிபி வேண்டும். உங்களிடம் இருப்பதே 4, அதிலும் விண்டோஸ் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரேம் போதாதபோது கணினி ஹார்ட் டிஸ்க்கை ரேம் மாதிரி பயன்படுத்தத் தொடங்கும், அப்போதுதான் மவுஸ்கூட நகராமல் நின்றுபோகிறது. நோட்பேடில் ஒரு குறையும் இல்லை, அது இதற்காகச் செய்யப்பட்டதில்லை, அவ்வளவுதான். அதனால் பெரிய கோப்புக்கு ஒரு கருவியைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, முழுசாக ரேமில் ஏற்றுமா, இல்லை வேண்டிய பகுதியை மட்டும் டிஸ்க்கிலிருந்து படிக்குமா என்பதுதான். நிறம், அழகு, எத்தனை செருகுநிரல் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் பயன்படுத்தியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நோட்பேட் பிளஸ் பிளஸ் நான் தினமும் திறக்கிற எடிட்டர், இலவசம். 32 பிட் பதிப்பு வைத்திருந்தால் அதைத் தூக்கிவிட்டு 64 பிட் பதிப்பைப் போடுங்கள், பழைய 32 பிட் நிரலுக்கு விண்டோஸ் வழக்கமாகக் கொடுக்கிற இடமே 2 ஜிபிதான். ஆனால் 64 பிட் பதிப்பும் கோப்பை ரேமில்தான் ஏற்றும். என் அனுபவத்தில் 4 ஜிபி இயந்திரத்தில் 200, 300 எம்பி வரை நிம்மதியாக வேலை செய்யலாம், அதற்கு மேல் உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நீண்ட வரியை மடித்துக் காட்டும் வசதியை அணைத்துவிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். விஎஸ் கோட் நிரல் எழுத அருமையானது, 2018இல் பெரிய கோப்புகளுக்காகவே அதன் உள் அமைப்பை மாற்றி எழுதினார்கள், பெரிய கோப்பு என்று தெரிந்தால் நிறம் தீட்டுவது போன்றவற்றைத் தானே நிறுத்திக்கொள்ளும். இருந்தாலும் உங்கள் லேப்டாப்பில் அது வெறுமனே திறப்பதற்கே கணிசமான ரேம் எடுக்கும், இந்த வேலைக்கு வேண்டாம். விம் என்ற பழைய எடிட்டர் தெரிந்தவர்களுக்கு அது ஓடும், நானும் சர்வரில் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் மேனேஜர் பதிலுக்குக் காத்திருக்கும்போது விம் கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டாம். முழுக் கோப்பையும் உண்மையிலேயே திறந்து திருத்த வேண்டியவர்களுக்கு எம்எடிட்டர், அல்ட்ராஎடிட் இரண்டும் இருக்கின்றன, பெரிய கோப்புக்காகவே செய்யப்பட்டவை, எம்எடிட்டர் 16 டெராபைட் வரை திறக்கும் என்று அதன் நிறுவனமே சொல்கிறது. முழு வசதிகளுக்குக் காசு கொடுக்க வேண்டும். மாதாமாதம் இந்த வேலை வருகிற ஆலை என்றால் கொடுக்கலாம், சீசனுக்கு ஒருமுறைக்குத் தேவையில்லை.

உங்களுக்கு நான் சொல்வது கிளாக், ஆங்கிலத்தில் கே-எல்-ஓ-ஜி-ஜி. இது எடிட்டரே இல்லை, பார்க்கவும் தேடவும் மட்டும். அதுதான் இதன் பெரிய குணம், தப்பித் தவறி ஏதாவது அழுத்தினாலும் கோப்பில் ஒரு புள்ளிகூட மாறாது. இலவசம். கோப்பை டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டு, எந்த வரி எங்கே தொடங்குகிறது என்று ஒரு அட்டவணை மட்டும் போட்டுக்கொள்ளும். திறந்ததும் கீழே சதவீதம் ஓடும். சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வாக்கில் படிக்கும் என்று வைத்தால் உங்கள் கோப்புக்கு அரை நிமிடம் போல ஆகும். மேல் பாதியில் கோப்பு, கீழ் பாதியில் தேடல் முடிவு. கீழே ஒரு வரியைத் தட்டினால் மேலே அந்த இடத்துக்குப் போய் நிற்கும், முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று உருட்டிப் பார்க்கலாம். மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டு "அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்பதற்கு இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் ஜூன் 14. தேடல் பெட்டியில் 2025-06-14 02 என்று போடுங்கள், அதாவது தேதியும் மணியும் மட்டும், நிமிடம் வேண்டாம். முதலில் உங்கள் லாகர் தேதியை எந்த வரிசையில் எழுதுகிறது என்று முதல் சில வரிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், 14-06-2025 என்று எழுதுவதும் உண்டு, மாதத்தை முன்னால் போடுவதும் உண்டு. நொடிக்கு ஒரு வரி என்பதால் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சரியாக 3,600 வரி கிடைக்க வேண்டும். அதற்குப் பதில் 3,412 வந்தால், 188 நொடிக்குப் பதிவே இல்லை என்று அர்த்தம். வெப்பநிலை எவ்வளவு இருந்தது என்பதைவிட இது பெரிய செய்தியாக இருக்கலாம், லாகருக்கு மின்சாரம் போயிருக்கலாம், ஜெனரேட்டருக்கு மாறிய நேரமாக இருக்கலாம். எடிட்டரில் வெறுமனே உருட்டிப் பார்த்தால் இந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாது. 02:17:08க்கு அடுத்த வரி 02:20:17 என்று இருந்தாலும், எண்கள் ஒரே மாதிரி வரிசையாக நிற்பதால் கண் தாண்டிப் போய்விடும். எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும். நான் எந்தப் பதிவுக் கோப்பைத் தொட்டாலும் முதலில் எண்ணுவது இதனால்தான்.

அந்த 3,600 வரியையும் தனிக் கோப்பாக எடுத்தால் 1 எம்பி சொச்சம்தான் வரும். அதை எதில் வேண்டுமானாலும் திறக்கலாம், எக்செல்லில் வரைபடமும் போடலாம். 2.3 ஜிபி பிரச்சினை 1 எம்பி பிரச்சினையாக ஆகிவிட்டது பாருங்கள்.

இப்படித் துண்டு எடுக்க எனக்குக் கைவந்தது கட்டளை வரி. பயப்பட வேண்டாம், விண்டோஸில் கிட் என்ற மென்பொருளைப் போட்டால் கூடவே கிட் பேஷ் என்று ஒரு கறுப்புத் திரை வரும், அதில் யூனிக்ஸ் காலத்துச் சின்னக் கருவிகள் எல்லாம் இருக்கும். ஹெட் என்று அடித்து எத்தனை வரி என்று கொடுத்தால் கோப்பின் தலையிலிருந்து அத்தனை வரி, டெயில் என்றால் வாலிலிருந்து. டபிள்யூ-சி என்பது வரிகளை எண்ணும். கிரெப் என்பது குறிப்பிட்ட சொல் இருக்கும் வரிகளை மட்டும் எடுத்துத் தரும், 1973இல் கென் தாம்சன் எழுதியது, இன்றைக்கும் அடித்துக்கொள்ள ஆள் இல்லை. லெஸ் என்பது பக்கம் பக்கமாகக் காட்டும், முழுக் கோப்பையும் படிக்காமலேயே முதல் பக்கம் வந்துவிடும். இவை எல்லாமே ஒரு வரியைப் படித்து, வேலை முடித்து, அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவை, அதனால் கோப்பு 2 ஜிபியா 200 ஜிபியா என்பது அவற்றுக்குப் பெரிய விஷயமில்லை, நேரம்தான் கூடும். 4 ஜிபி லேப்டாப் தாராளம்.

அடுத்தது அந்த 850. இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். உங்கள் சென்சார் பிடி100 வகையாக, அதாவது கம்பியின் மின்தடையை வைத்து வெப்பநிலை அளக்கும் வகையாக, இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வகைக்கான சர்வதேசத் தரத்தில் அளவின் மேல் எல்லை 850 டிகிரி. கம்பி கழன்றாலோ அறுந்தாலோ மின்தடை எல்லையில்லாமல் ஏறும், பல கருவிகள் அப்போது மேல் எல்லையைக் காட்டி நிற்கும். உங்கள் கருவியும் அப்படித்தானா என்று அதன் கையேட்டைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் அப்படி இருந்தால் 850 என்பது குப்பை இல்லை, இந்த நொடியில் சென்சார் இணைப்பு இல்லை என்று கருவி சொல்கிற தகவல். உணவுப் பொருளைச் சூடாக்கும் இடத்தின் பதிவிலிருந்து அதைச் சத்தமில்லாமல் அழித்தால், நாளைக்கு ஆடிட்டர் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

அதனால் மூலக் கோப்பில் கை வைக்கவே வைக்காதீர்கள். வலது கிளிக் செய்து, பண்புகளில் படிக்க மட்டும் என்று டிக் போட்டு, ஒரு நகலை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பென் டிரைவில் எடுப்பதாக இருந்தால், பழைய ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. உங்கள் 2.3 போய்விடும், அடுத்த சீசனில் நொடிக்கு இரண்டு வரி என்று மாற்றினால் போகாது. நகல் சரியாக வந்ததா என்று பார்க்க விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்று ஒரு கட்டளை இருக்கிறது, கோப்புக்கு ஒரு கைரேகை மாதிரி நீளமான எண் கொடுக்கும், இரண்டு கோப்புக்கும் அது ஒன்றாக இருந்தால் ஒரு பைட்கூட மாறவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், 700 எம்பி பதிவுக் கோப்பு ஒன்றை எடிட்டரில் திறந்து, நடுவில் ஒரு வரியை மாற்றி, சேமிப்பை அழுத்தினேன். சேமித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது, யூபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே தீர்ந்திருந்தது. திரும்ப வந்து பார்த்தால் கோப்பில் 90 எம்பி சொச்சம்தான் இருந்தது. பல எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதத் தொடங்கும், பாதியில் நின்றால் பழையதும் இல்லை புதியதும் இல்லை. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. மூன்று வாரப் பதிவு, ஒரு பாகம் ஏன் திரும்பி வந்தது என்பதற்கு ஆதாரமாக இருந்தது, போயே போச்சு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். ஒரே ஒரு வரிக்காக 700 எம்பியையும் திரும்ப எழுத வைத்தேன் என்பதுதான் அதில் நான் கற்றது.

850 வரிகளைப் பிரிக்க ஆக் என்ற கருவி பொருத்தம், அதுவும் கிட் பேஷில் இருக்கும். எத்தனையாவது பத்தி என்று சொல்லி, அந்தப் பத்தியில் 850 இருந்தால் ஒரு கோப்புக்கும் இல்லாவிட்டால் இன்னொரு கோப்புக்கும் அனுப்பச் சொல்லலாம். எடிட்டரில் 850 என்று தேடி அழிக்காதீர்கள். ஓட்டம் பதிவாகும் பத்தியில் மணிக்கு 1850 லிட்டர் என்று இருந்தால் அதற்குள்ளும் 850 இருக்கிறது. 85.0 என்று தேடினால் இன்னும் மோசம், தேடல் ரெகுலர் எக்ஸ்பிரஷன் முறையில் (சொல்லுக்குப் பதில் ஒரு வடிவத்தைக் கொடுத்துத் தேடுவது) இருந்தால் புள்ளிக்கு எந்த எழுத்தும் ஆகலாம் என்று பொருள், 8510ஐயும் பிடிக்கும், 8570ஐயும் பிடிக்கும். பத்தி சொல்லித் தேடினால் இந்த வம்பே இல்லை. பிரித்து முடித்ததும் எண்ணிப் பாருங்கள். மூலத்தில் தலைப்போடு 77,76,001 வரி, 850 கோப்பில் 412 வரி என்றால், மற்றதில் 77,75,589 இருந்தாக வேண்டும். ஒரு வரி குறைந்தாலும் அனுப்பாதீர்கள், ஏன் என்று கண்டுபிடித்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பும்போது 850 கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள், இந்தந்த நேரத்தில் சென்சார் இணைப்பு இல்லை என்று ஒரு வரி எழுதி. மேனேஜருக்கும் அதுதான் பாதுகாப்பு.

இதை எல்லாம் அடிக்கடி செய்ய வேண்டி வந்தால், அதாவது ஒவ்வொரு வாரமும் புதுப் புதுக் கேள்வி வந்தால், கோப்பை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் ஏற்றிவிடுவது நல்லது, டக்டிபி என்ற இன்னொரு தரவுத்தளம் என்றால் ஏற்றக்கூட வேண்டாம், சிஎஸ்வியை அப்படியே வைத்துக் கேள்வி கேட்கலாம். அது தனிக் கதை, இப்போது உங்களுக்கு வேண்டியதில்லை.

விவசாயிகள் கோப்புக்கு வருகிறேன். 40 எம்பிதான், நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும், இங்கே பிரச்சினை அளவு இல்லை, எழுத்து. முதலில் என்ன மாதிரிக் கோளாறு என்று பாருங்கள். நோட்பேட் பிளஸ் பிளஸில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்து எக்செல்லில் மட்டும் மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால், கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அது யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) என்பது எக்செல்லுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், தரவு என்ற பிரிவுக்குப் போய், உரைக் கோப்பிலிருந்து எடு என்று கொடுத்து, 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்துவிடும். அதே இடத்தில் வங்கிக் கணக்கு எண் பத்தியை உரை என்று கட்டாயம் மாற்றுங்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும், 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை 0 ஆக்கிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தூக்கிவிடும், லாரிச் சீட்டு எண் 5-12 என்று இருந்தால் அதைத் தேதியாக்கிவிடும். திறந்து சேமித்த அந்த நொடியில் இது கோப்பிலேயே பதிந்துவிடும், பிறகு திரும்ப எடுக்க வழியே இல்லை. என்னோடு வேலை செய்த பாலக்கோட்டுப் பையன் ஒருவன் "அண்ணா, எல்லாம் கரெக்டாதானே இருக்கு" என்று ஒரு பட்டியலைக் காட்டினான், ஒரு பத்தி முழுக்க எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிந்திருந்தது. மாங்காய் போட்ட ஆளுக்குப் பணம் போகாமல் நிற்பதற்கு இது ஒன்று போதும்.

நோட்பேட் பிளஸ் பிளஸிலும் வெறும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்து தெரிந்தால், அது அனேகமாக வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. அங்கே உள்ளே இருப்பதே தமிழ் இல்லை, தமிழ் மாதிரி வரைந்த ஆங்கிலக் குறிகள். அதை எந்த எடிட்டரும் சரிசெய்யாது, யூனிகோடுக்கு மாற்றும் கருவி வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். மாற்றும்போது பெயர்ப் பத்தி, ஊர்ப் பத்தி இரண்டை மட்டும் தனியாக எடுத்து மாற்றுங்கள், முழுக் கோப்பையும் போட்டால் ஆங்கிலத்தில் இருப்பதும் சேர்ந்து தமிழாகிக் குழம்பும்.

யூனிகோடிலேயே இன்னொரு வலை இருக்கிறது, நம் ஊர்ப் பெயர்களில் நிறைய மாட்டும். போச்சம்பள்ளி என்று தேடுகிறீர்கள், 300 பேர் வர வேண்டிய இடத்தில் 210 பேர்தான் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம், போ என்ற எழுத்தில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுதான். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆகவே முதல் முறையில் போச்சம்பள்ளி 36 பைட், இரண்டாவதில் 39 பைட். கிரெப் போன்ற கருவிகள் பைட்டைப் பார்த்துத்தான் ஒப்பிடும், அதனால் அவற்றுக்கு இவை இரண்டு வேறு ஊர்கள். பொம்மிடி, தொப்பூர், கொட்டாவூர் என்று ஒகர ஓகாரம் வருகிற எல்லா ஊருக்கும் இதே கதை, ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன் என்ற பெயர்களில் ஸ்ரீ எழுதும் முறையிலும் இதே மாதிரி இரண்டு வடிவம் உண்டு. கொம்பும் காலும் பிரிந்து கிடப்பதைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் நாலைந்து வரி எழுதி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், அதற்கான வசதி அதோடேயே வருகிறது. ஸ்ரீயைத் தனியாகத் தேடி மாற்ற வேண்டும், அது அந்த வசதியில் சரியாகாது. பைத்தான் தெரியாவிட்டால், பள்ளி என்ற பின்பகுதியைத் தேடி, வந்த வரிகளில் கண்ணால் பொறுக்குங்கள், மெதுவாக இருந்தாலும் யாரும் விடுபட மாட்டார்கள்.

தமிழ் இருக்கும் கோப்புக்குக் கிட் பேஷ் திரையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கருவிகள் சரியாகத்தான் வேலை செய்யும், ஆனால் அந்தத் திரையில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நின்று படிக்கவே முடியாது, கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். நோட்பேட் பிளஸ் பிளஸில் நிர்மலா யுஐ எழுத்துருவை வைத்துக்கொள்ளுங்கள், படிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஆல்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பத்தியாகத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தமிழ் வரிகளில் நம்ப வேண்டாம், தமிழ் எழுத்துகளுக்கு ஒரே அகலம் இல்லாததால் ஒரு வரியில் பெயரின் கடைசி எழுத்தும் அடுத்த வரியில் காற்புள்ளியும் மாட்டும். அதேபோலக் கோப்பைத் துண்டு போடும்போது பைட் கணக்கில் போடாமல் வரிக் கணக்கில் போடுங்கள், பைட் கணக்கில் வெட்டினால் ஒரு தமிழ் எழுத்தின் 3 பைட்டுக்கு நடுவில் கத்தி இறங்கி, துண்டின் ஓரத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வரும்.

ஒன்றை மட்டும் உங்கள் கேள்வியிலிருந்து என்னால் முடிவு செய்ய முடியவில்லை. லாகர் இன்னும் அதே கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் லாகர் இருக்கும் கணினியில் அந்தக் கோப்பை எந்த எடிட்டரிலும் திறக்காதீர்கள், சில எடிட்டர்கள் பூட்டிவிடும், லாகர் எழுத முடியாமல் விட்டுவிடும். முதலில் நகல், அப்புறம்தான் எல்லாம். லாகரின் அமைப்பில் நாளுக்கு ஒரு கோப்பு என்று மாற்ற வழி இருந்தால் அடுத்த சீசனுக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். 26 எம்பி கோப்புகள் 90 இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இன்றைக்கு முதலில் நகல் எடுங்கள், கிளாக் போடுங்கள், ஜூன் 14 இரண்டு மணிக்கு எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். 3,600 வராவிட்டால் அந்த எண்ணையும், கோப்பின் தலைப்பு வரியையும், அதற்கு அடுத்த இரண்டு வரியையும் மட்டும் இங்கே போடுங்கள், ஆலையின் பெயர் வேண்டாம், விவசாயிகள் கோப்பிலிருந்து ஒரு வரியும் வேண்டாம். ஆக் கட்டளையை உங்கள் பத்திகளுக்கு ஏற்ற மாதிரி நானே எழுதித் தருகிறேன்.